மூச்சை இழுத்துப் பிடியுங்கோ

ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது
கண்ணாடிக்குப் பின்னால் நின்று சொல்கிறேன்:
மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.
பிறகு, விடுங்கோ.
நெஞ்சுப் படம் எடுக்கிற வேலை.
எலும்புகளோடு நல்ல பழக்கம்,
ஆட்களோடு கொஞ்சம் குறைவு.

வெள்ளி பின்னேரம் ஜெரூஷா
உப்புவெளிக்கு ஸ்கூட்டியில் ஏற்றிப் போனாள்.
வாசலில் ஒரு பெடியன்
மணிக்கட்டில் பச்சைப் பட்டியை இறுக்கினான்,
வார்ட்டில் கட்டுகிற மாதிரியே.
பெயர் மட்டும் எழுதவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

தென்னையில் பாதி உயரத்துக்கு ஸ்பீக்கர்.
கிண்ணியா நஸ்மில் ஜெனரேட்டர் அருகே
காதில் பஞ்சோடு கதிரையில் இருந்து
சிகரெட் மட்டையில் டீசல் கணக்கு எழுதினான்.
"மூன்று நாளும் இந்தப் பாட்டுக்கு
நான்தான் எண்ணெய்" என்றான்.
பாட்டா? அதில் ஒரு சொல்லும் இல்லை.

முதல் அடி காதுக்கு வரவில்லை.
விலாவுக்கு வந்தது,
தினமும் நான் நிழலாகப் பார்க்கிற இடத்துக்கு.
எங்கள் வயதுக்காரருக்கு
இந்த ஊரில் நிலம் அதிர்ந்தால்
முதலில் உடம்பு குனியும்.
குனிந்தேன்.
பக்கத்தில் ஜெரூஷாவும் குனிந்திருந்தாள்.
அதுவும் ஆட்டத்தில் ஓர் அசைவாக்கும் என்று
முன்னால் நின்ற ஜெர்மன்காரன் குனிந்தான்,
அவனைப் பார்த்து ஒரு வரிசை முழுக்க.
சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

மேடையில் நின்றவள், தலையில் துவாய் கட்டியிருந்தாள்,
சத்தங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.
அடி போனது. தாளம் போனது.
மெல்லிய விசில் ஒன்று ஏறி
ஏறி
ஏறி
கை தூக்கியபடி ஆயிரம் பேர் அந்தரத்தில்.
எனக்கு இது தெரியும்.
இது என் வேலை.
அசையாதேங்கோ. இன்னும். இன்னும்.

விடுங்கோ.

பன்னிரண்டுக்குப் பொலிஸ் வந்து நிற்பாட்டியது.
ஒரு விடுதியின் பின்வளவில் ஹெட்போன் கொடுத்தார்கள்:
நீலம் ஒரு பாட்டு, சிவப்பு வேறு பாட்டு.
குருநாகல் சசங்க சிவப்பில், நான் நீலத்தில்.
ஒரே வட்டத்தில் வேறு வேறு தாளத்துக்கு ஆடினோம்.
சிங்களத்தில் என்னவோ கேட்டான்.
நான் கழற்றவில்லை, தலையாட்டினேன்.
எதற்கு ஓமென்றேனோ இன்றுவரை தெரியாது.
ஒருமுறை மட்டும் கழற்றிப் பார்த்தேன்.
மணலில் இருநூறு காலடி.
யாரோ ஒருவன் சுருதி பிசகிப் பாடுகிறான்.
அதற்கு அங்கால்
கடல், யாரையும் கேளாமல்.

பிறகும் முடியவில்லை.
நாலு மணிக்கு யாருடைய அறையோ,
ஒற்றைக் கட்டிலில் ஒன்பது பேர்,
எவர்சில்வர் தம்ளருக்குள் போன் பாடிக்கொண்டிருந்தது.
ஜெரூஷா குளியலறை வாசலில் அழுதாள்:
கனடா விசா மூன்றாம் தரமும் இல்லையாம்.
எல்லாருக்கும் சொன்னாள்,
எனக்கு மட்டும் சொல்லியிருக்கவில்லை.
தலைமயிரைப் பிடித்துக்கொண்டேன், அவள் சத்தி எடுத்தாள்.
வேறு என்ன செய்வது.

விடியப்புறம் கோட்டை வாசலில்
மான்கள் விழா நோட்டீசை மென்றுகொண்டிருந்தன.
ஒன்றிடம் பச்சைப் பட்டியை நீட்டினேன்.
மணந்து பார்த்துவிட்டுப் போனது.

சனியும் போனோம். ஞாயிறும்.

திங்கள் எட்டு மணி, முதல் ஆள்
சல்லியிலிருந்து கரைவலைக்காரர். இருமல்.
"மூன்று இரவு நித்திரை இல்லைத் தங்கச்சி,
கரை முழுக்க ஒரே அடி.
மீன் கூட அங்கால போயிட்டுது."
"ஓம், கேள்விப்பட்டனான்" என்று
சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன்.

மூச்சை இழுத்துப் பிடியுங்கோ.

அவர் பிடித்தார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் விலாவுக்குள் இன்னும் யாரோ தட்டிக்கொண்டிருக்க
விரல் பொத்தானில், நான் காத்திருந்தேன்,
தேவைக்கு மேல், கொஞ்சம்.
அவர் கழுத்து நரம்பு புடைத்தது.
பெருவிரல் ஒன்று நிலத்தில் மெல்லத் துடித்தது.

விடுங்கோ.

படம் கலங்கியிருந்தது.
இன்னொருக்கா எடுப்பம் ஐயா, என்றேன்.